நெஞ்சை மட்டுமே பார்த்திருந்தோம்

என் வீட்டுக்காரருடைய பேன்ட்டுகளை இரண்டு முறை கீழே மடித்துத் தைத்திருக்கிறேன். முதல் முறை, துவைத்துத் துவைத்துத் துணி தொய்ந்து நீண்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் முறை, அளவெடுக்கத் தெரியாத தையற்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தைத்தேன். பேன்ட் நீளவில்லை, ஆள்தான் குட்டையாகிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்து, பிள்ளைகளுக்கு ஸ்கேல் பிடித்து அளக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அவர் கோலார் பக்கம் சாம்பியன் ரீப்ஸ் என்கிற தங்கச் சுரங்கத்தில் டிரில் மெஷின் பிடித்தவர். சுரங்கத்தை மூடுகிற நாள்வரை பூமிக்கடியில்தான் வேலை. கல்லைத் துளைக்கும்போது பறந்த தூசி அவர் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது. போதாததற்கு அவரே விரும்பி ஊதிய பீடி. பீடியை விட்டு வெகுகாலமாகிறது என்றாலும் அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் போனது. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். சுரங்கக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. மற்ற ஊர்களில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் வயதான ஆண்கள் எதிர்ப்பட்டால், "இன்னா, நெஞ்சு எப்டி கீது?" என்றுதான் கேட்போம். முதுகு எப்படி, எலும்பு எப்படி என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் கூன் விழ ஆரம்பித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டுச் சிரித்தோம். சுரங்கத்தில் ஒவ்வொரு ஆழத்துத் தளத்துக்கும் லெவல் என்று பெயர். கூரை தாழ்ந்த இடங்களில் வருடக்கணக்காகக் குனிந்தே நடந்தவர்களுக்கு மேலே வந்த பிறகும் கழுத்து முன்னால்தான் நீண்டிருக்கும். அதை எங்கள் லைனில் லெவல் முதுகு என்போம். கிண்டலாகவும் சொல்வோம், கொஞ்சம் பெருமையாகவும் சொல்வோம். அவர் வளைய வளைய, வேலை பார்த்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நானே வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் கூன் போட்டு உட்காரும் பிள்ளைகளை நிமிர்த்தி நிமிர்த்திப் பழகிய வாய் சும்மா இருக்குமா? வீதியில் போகும்போதெல்லாம், நிமிர்ந்து நடங்க, இங்கே கூரை ஒன்றும் இடிக்காது என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டடி நிமிர்வார். அது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது நினைத்தால் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் அவரைக் கவனிக்காதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கவனித்ததெல்லாம் நெஞ்சை மட்டும்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், குன்று உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். ஆடிக் காற்றில் அந்த மண் மாவாகப் பறந்து வந்து சோற்றில்கூட நறநறக்கும். அவர் நெஞ்சுக்கு அது ஆகாது என்று ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழைய புடவையைத் திணித்து வைத்தேன். காற்று நின்ற மாதங்களிலும் திறக்கவில்லை. அவரையும் வெளியே விடவில்லை. தூசியை வெளியே நிறுத்திய கெட்டிக்காரத்தனத்தில் வெயிலையும் வெளியே நிறுத்திவிட்டேன். வயிறு நிறைந்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் பாதிச் சோற்றில் எழுந்தபோதும், மூச்சு நன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். சட்டை அவர் மேல் தொங்க ஆரம்பித்தது.

அப்புறம் அந்த வெள்ளை மாத்திரை. ஒரு தடவை இழுப்பு அதிகமானபோது டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. ஐந்தே நாளில் மனிதர் எழுந்து நடமாடி, பசிக்கிறது என்று கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு அந்த மாத்திரைதான் தெய்வம். அவரோடு ஒரே ஷிப்டில் இறங்கிய கூட்டாளி ஒருவர் பக்கத்து லைனில் இருக்கிறார். அவருக்கும் இதே நெஞ்சு. பூமிக்கடியில் சோற்று டப்பாவைப் பங்கு போட்டுத் தின்றவர்கள், மேலே வந்து, பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிய மாத்திரையைப் பங்கு போட்டார்கள். மழை வந்தால் ஒன்று, பனி இறங்கினால் ஒன்று, கல்யாண வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே இரண்டு. இன்ஹேலர் என்று டாக்டர் கொடுத்த, வாயால் உறிஞ்சுகிற மருந்து அலமாரியில் அப்படியே இருக்கும். அதை வாயில் வைத்து இழுப்பது இரண்டு பேருக்கும் வெட்கம். எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். கூட்டாளி வந்து போன மறுநாள் அவர் முகம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவைப் பார்த்துவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இதெல்லாம் போக, தினமும் காலையில் நான் அவர் முதுகைத் தட்டுவேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு நர்சம்மா சொல்லிக் கொடுத்த முறை. அவர் கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்காருவார். நான் உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டு கீழிருந்து மேலாகத் தட்ட வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கிற சளி இளகி வெளியே வரும். நர்சம்மா மெதுவாகத்தான் தட்டிக் காட்டினார். வேகத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன். சளி வராத நாளில் எனக்குக் கோபம் வரும், கோபம் கையில் இறங்கும்.

அவருக்கு அது ஒரு விளையாட்டு. சுரங்கத்தில் வேலையைத் தொடங்கும் முன் கூரைக் கல்லைக் கம்பியால் தட்டி ஓசை கேட்பார்களாம். கணீரென்றால் கல் கெட்டி. பொத்தென்றால் எந்த நேரமும் பெயர்ந்து விழும். அதே போல என் தட்டலுக்குக் காது கொடுத்து, இன்னும் இடது பக்கம், இன்னும் கீழே, அங்கேதான் கட்டிக் கிடக்கிறது என்று இடம் சொல்லுவார். அரை மணி நேரம் இப்படிப் போகும். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் காபி.

போன ஆடியில் ஒரு காலை. ராத்திரி முழுக்க இருமியிருந்தார். எப்படியாவது சளியை எடுத்துவிட வேண்டும் என்று நான் வலது பக்க விலாவில் கொஞ்சம் அழுத்தியே தட்டினேன். கைக்குக் கீழே ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தால் வருமே, அவ்வளவு சின்னச் சத்தம். அவர் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார். என்னங்க என்று கேட்டேன். ஒன்றுமில்லை, இன்றைக்குப் போதும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் இருமவில்லை. முதல் நாள் அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மறுநாள்தான் புரிந்தது, இருமல் வராமல் இல்லை, வந்ததை விழுங்குகிறார் என்று. விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் கொதிக்கிற குழம்புச் சத்தம் கேட்டது. கூட்டாளி இரண்டு வெள்ளை மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசிவிட்டேன். பாவம், மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்குப் போன் செய்தேன். அவள் கார் பிடித்துக்கொண்டு வந்து, கோலாரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

அங்கிருந்த டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். தமிழும் கன்னடமும் கலந்து பேசினாள். நெஞ்சைக் கேட்டாள், படம் எடுத்தாள், அப்புறம் பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் எனக்கு விசித்திரமாக இருந்தது. வருடத்துக்கு எத்தனை தடவை வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறார்? எத்தனை வருடமாக? வெயிலில் உட்காருவாரா? நடப்பாரா? முட்டை, பால், மீன்? பீடி எத்தனை வருடம் பிடித்தார்? முன்பு எவ்வளவு எடை? எழுப்பி நிறுத்தி, "ஸ்வல்ப, கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க ஐயா" என்று சுவரில் உயரம் பார்த்தாள். சுரங்கத்தில் சேர்ந்தபோது எழுதிய உயரம் அவருக்கு மனப்பாடம். ஐந்தடி ஏழங்குலம் என்று நெஞ்சை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டே சொன்னார். சுவரில் ஐந்தடி நாலு இருந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து முதுகுத்தண்டைக் காட்டினாள். அடுக்கி வைத்த எலும்புகளில் இரண்டு மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தன. இது இப்போது நசுங்கியதில்லை, பழசு என்றாள். விலா எலும்பில் இருந்தது புதிய விரிசல். நுரையீரல் நோயாளிகளுக்கு எலும்பும் சேர்ந்து கரையும் என்று அவள் சொன்னதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு வகையாம், மூச்சைக் கொடுத்துவிட்டு எலும்பை எடுத்துக்கொள்ளுமாம். நடக்காத உடம்பு, இளைத்த உடம்பு, வெயில் படாத உடம்பு, பீடி பிடித்த உடம்பு, நெஞ்சில் ஓயாத அழற்சி, அதோடு வயது. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அரித்திருக்கிறது. எங்கள் லெவல் முதுகு என்பதில் எத்தனை முதுகு இப்படி நசுங்கியதோ, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. "இந்த விலா எலும்பு, என் கையாலயா ஒடஞ்சுது?"

இப்படி மெலிந்த எலும்பு பலமாக இருமினாலே விரிசல் விடும், எதனால் என்று சொல்ல முடியாது, இனிமேல் தட்டாதீர்கள் என்றாள். நல்ல பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டது என் கை.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, காய்ச்சல் இறங்கிய பிறகு வீட்டுக்கு வந்தோம். செய்ய வேண்டியதையெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாள். வெள்ளை மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, சொன்னபடி குறைத்துக்கொண்டு வர வேண்டும். உறிஞ்சுகிற மருந்தை ஒழுங்காக எடுக்க வேண்டும், எடுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும். எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அதைப் போட்டு அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். காலை வெயில், முட்டை, வாசல்வரை நடை. சளிக்கு, தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு, கண்ணாடியில் ஆவி படியும்படி ஊதுவோமே, அப்படி ஹா என்று மூச்சை விட்டு, பிறகு மெல்ல இரும வேண்டும். அப்படிச் சளியை வெளியே கொண்டுவராவிட்டால் மறுபடி காய்ச்சல் வரும், அடுத்த தடவை தாங்குவது கஷ்டம் என்று மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். மகள் என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

எல்லாவற்றையும் செய்தேன். ஜன்னல் இடுக்குகளில் இருந்த புடவைத் துணியைப் பிடுங்கிப் போட்டேன். முட்டையை அவித்தேன், மாத்திரைக்கு நேரம் பார்த்தேன். அவரைத் தொடுவதை மட்டும் விட்டுவிட்டேன். எழுந்திருக்கக் கை நீட்டினால் ஊன்றுகோலை நகர்த்திக் கொடுத்தேன். காலையில் அவர் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், நான் எதிர்ச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊதுங்க, இன்னும் ஊதுங்க என்று வகுப்பு எடுத்தேன். அவர் இரண்டு முறை ஊதிவிட்டுத் தலையணையைக் கீழே வைத்துவிடுவார். வலிக்கிறதா என்றால் இல்லை என்பார். பிறகு ஏன் என்றால் காபி கேட்பார். நெஞ்சில் அந்தக் குழம்புச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. நாலு நாள் கெஞ்சினேன். ஐந்தாம் நாள் கத்தினேன். செத்துப் போக முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டேவிட்டேன். கேட்டதும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அப்போது வீட்டுக்குப் பக்கவாட்டில் வெயில் விழும் சந்தில் உட்கார்ந்திருந்தோம். மேட்டிலிருந்து வரும் காற்றைச் சுவர் மறைக்கிற இடம் அது ஒன்றுதான்.

"நீ ஒடைக்கல மே," என்றார் அவர். "பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரண்ல இருந்த டிரங்குப் பெட்டிய இழுத்தேனே, அன்னிக்கே முதுகுல ஒண்ணு நொறுங்குச்சு. எனக்குத் தெரியும்."

எனக்கும் அந்த வாரம் ஞாபகம் இருக்கிறது. படுக்காமல் நாற்காலியிலேயே தூங்கினார். மூச்சுக்காக என்று நினைத்து, நான் முதுகுக்கு இன்னொரு தலையணை வைத்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம், தினமும் காலையில், உடைந்த அந்த முதுகைத்தான் தட்டியிருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா தட்டறத நிறுத்திடுவ."

சளிக்காக இத்தனை வலியையா பொறுத்துக்கொண்டீர்கள், இப்போது வலியே இல்லாமல் சளி எடுக்க வழி சொல்லியிருக்கிறார்களே, அதைச் செய்ய மட்டும் என்ன கேடு என்று பொரிந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கப்படுகிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சளி கெடக்குது வுடு," என்றார். "காலையில அந்த அர மணி நேரந்தான் உன் கை என் மேல படும். அதுவும் இல்லன்னா அப்பால எனக்கு இன்னா கீது?"

இது பொய், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நினைத்துப் பார்த்தேன். அவர் சாய்ந்து தூங்க வேண்டும் என்று தனிக் கட்டில் போட்டு எத்தனையோ வருடமாகிறது. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டிருக்கிறேன். மாத்திரையை உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று நெஞ்சில் காதை வைத்திருக்கிறேன். நோயைத் தொட்டிருக்கிறேன், அவரைத் தொடவில்லை. நாற்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திவிட்டு, ஒரு மனிதர் பெண்டாட்டியின் கை படுவதற்காக உடைந்த முதுகைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் வந்த கோபம், என் மேல் வந்த கோபம், இரண்டையும் சேர்த்து அவரைத்தான் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

திட்டிக்கொண்டே நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். சட்டைக்குள் கையை விட்டு முதுகில் வைத்தேன். ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகக் கைக்குத் தெரிந்தது. தட்டவில்லை, அழுத்தவில்லை. அவர் தலையணையை அணைத்துக்கொண்டு ஹா என்று ஊதினார். மூன்றாவது முறைக்கு நெஞ்சுக்குள் ஏதோ நகர்வது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. இருமினார். வலியில் கண்ணில் நீர் வந்தது, சளியும் வந்தது. அன்றைக்கு மத்தியானம் ஒரு தட்டுச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

விலா எலும்பு கூடிவிட்டது. அது என் கையால்தான் விரிசல் விட்டது என்று இன்றும் நினைக்கிறேன், அவர் ஒப்புக்கொள்வதில்லை. நசுங்கிய முதுகெலும்பு இனி நிமிராது, இன்னும் நசுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்று டாக்டர் சொல்லிவிட்டாள். கூட்டாளியின் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டு, அவரையும் அதே டாக்டரிடம் அனுப்பினேன். அவரும் சுவரில் நின்று உயரம் பார்த்துவிட்டு வந்து, எத்தனை அங்குலம் குறைந்தது என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார்.

நேற்றுக் காலை சந்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு மூச்சு சீராக இருந்தது, நெஞ்சில் சத்தமே இல்லை. என் கை அவர் முதுகில் இருந்தது. என் பக்கம் திரும்பி, "இன்னா மே, இன்னிக்குத்தான் சளி ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"சளி இல்லாததாலதான் கைய வெச்சிருக்கேன்," என்றேன்.